துடுப்புக் கப்பலின் தாகமும் ஒரு தூதுப் புறாவும்

இடைக்கால மத்திய தரைக்கடலின் போர்க்கப்பல் ஒல்லியானது. நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடப்பது. 13-ஆம் நூற்றாண்டில் சிசிலி அரசு கட்டிய ஒரு வகைக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 39 மீட்டர். அதில் 108 பேர் துடுப்பு வலித்தார்கள்.

அவர்களுக்கு எவ்வளவு குடிநீர் வேண்டும்? பண்டைய கிரேக்கப் போர்க்கப்பலின் மாதிரியாக நம் காலத்தில் கட்டப்பட்ட 'ஒலிம்பியாஸ்' கப்பலின் சோதனை ஓட்டங்களில், ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் 108 பேர் எட்டு மணி நேரம் வலித்தால் 864 லிட்டர் தீர்ந்துவிடும். வில்லாளிகளும் மாலுமிகளும் குடிப்பது தனி. பீப்பாய்களைக் கூடுதலாக ஏற்றினாலோ கப்பல் மேலும் தாழ்ந்து, வேகம் குறைந்து, அலை உள்ளே அடிக்கும். ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை கரை ஒதுங்கித் தண்ணீர் பிடித்தே ஆக வேண்டும். சிசிலியின் நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜர் மால்டா, ஜெர்பா தீவுகளைக் கைப்பற்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அவருடைய கடற்படைத் தலைவர் அந்தியோக்கியாவின் ஜார்ஜ், பிறப்பால் நார்மானியர் அல்லர்; அரபு மொழி அறிந்த கிழக்கத்தியக் கிறித்தவர்; முன்பு துனிசியக் கரையிலுள்ள மஹ்தியாவில் அரசுப் பணி செய்தவர். 1148 கோடையில், பல ஆண்டுப் பஞ்சத்தால் நலிந்திருந்த அதே நகரைப் பிடிக்க, வரலாற்றாசிரியர் இப்னுல் அதீரின் கணக்கின்படி, சுமார் 250 கப்பல்களுடன் புறப்பட்டார்.

இத்தனை கப்பல்களை மறைத்துக் கொண்டுபோக முடியாது. ஆனால் வழியில் பாந்தெல்லரியா தீவருகே மஹ்தியாவின் கப்பலொன்று சிக்கியது; அதில் ஒரு கூண்டில் தூதுப் புறாக்கள் இருந்தன. சிசிலிக் கடற்படை கான்ஸ்டான்டினோபிள் பக்கத் தீவுகளுக்குப் போய்விட்டது என்று, பிடிபட்டவரின் கையாலேயே எழுதவைத்து, ஜார்ஜ் ஒரு புறாவைப் பறக்கவிட்டார். நகரம் அதை நம்பி மகிழ்ந்தது.

விடியலில் வந்து, ஒருவரும் வெளியேறுமுன் நகரை வளைப்பது அவர் திட்டம். அந்த நேரம் பார்த்து எதிர்காற்று எழுந்தது. பாய் பயன்படவில்லை, துடுப்பை மட்டும் நம்பி ஊர்ந்து வந்த கப்பல்கள், பகலில் மூன்றில் இரண்டு பங்கு கழியும்வரை துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் கடலிலேயே நின்றன. அதற்குள் நகரை ஆண்ட அமீர் அல் ஹசன், தூக்கக்கூடிய விலையுயர்ந்த பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மக்களில் பலரும் குடும்பத்தோடு பின்தொடர்ந்தார்கள். எதிர்ப்பே இல்லாமல் அரண்மனைக்குள் நுழைந்த ஜார்ஜ், நிரம்பிய கருவூலங்களை அப்படியே கண்டார்.