கேட்ஸ்பியின் கார் என்ன நிறம்?

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் நிறங்கள் எதைக் குறிக்கின்றன என்ற கேள்விக்கு வரும் பதிலைப் படிக்காமலேயே சொல்லிவிடுவேன். பச்சை நம்பிக்கை, மஞ்சள் பணம், வெள்ளை தூய்மை, சாம்பல் அழிவு. கைடில் கட்டம் போட்டுக் கொடுத்ததை அப்படியே இறக்கி வைத்திருப்பார்கள். மதிப்பெண்ணும் போட்டுத் தொலைக்கிறோம், அது வேறு கதை. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தக் கட்டத்தை மூடிவிட்டு, கேட்ஸ்பியின் கார் என்ன நிறம் என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

நான்காம் அத்தியாயத்தில் அது க்ரீம் கலர். ஏழாம் அத்தியாயத்தில் மிர்ட்டில் என்ற பெண்ணை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போகிறது. பக்கத்தில் காபிக்கடை வைத்திருக்கும் மிக்கேலிஸ், முதலில் வந்த போலீஸ்காரரிடம் வெளிர்பச்சை என்கிறார். கூட்டத்தில் இன்னொருவர், பெரிய மஞ்சள் கார், புதுசு என்கிறார். வண்டி ஒன்றுதான். கைடுப்படி அது பணமா, நம்பிக்கையா? ஓட்டியவள் கேட்ஸ்பி காதலிக்கும் டெய்ஸி. முதல் அத்தியாயத்தில் வெள்ளை உடையில் அறிமுகமாகும் அதே டெய்ஸி, பழியை கேட்ஸ்பி தலையில் விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறாள். ‘தூய்மை’ என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டாமா?

சரி, பச்சை விளக்குக்கு வருவோம். ஃபிட்ஸ்ஜெரால்டின் இந்த நாவல் வெளிவந்தது 1925-இல். கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில். 1917-இல் லூயிவில்லில் காதலித்த டெய்ஸி இப்போது இன்னொருவன் மனைவி. அவள் வீடு எதிர்க்கரையில் இருக்கிறது என்பதற்காகவே கேட்ஸ்பி இக்கரையில் மாளிகை வாங்குகிறான். இரவில் தனியாக நின்று, அவள் வீட்டுப் படகுத்துறை முனையில் எரியும் சின்னப் பச்சைப் புள்ளியை நோக்கிக் கை நீட்டுகிறான். உடம்பு நடுங்குகிறது.

ஐந்தாம் அத்தியாயம்தான் எனக்குப் பிடித்த இடம். டெய்ஸி அவன் வீட்டுக்கே வந்து பக்கத்தில் நிற்கிறாள். வெளியே மூடுபனி. அது மட்டும் இல்லாவிட்டால் உன் வீடு தெரியும், அங்கே ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரியுமே என்கிறான். அவள் சட்டென்று அவன் கையோடு கை கோத்துக்கொள்கிறாள். அவன் மனமோ தான் சொன்னதிலேயே நின்றுவிடுகிறது. அத்தனை நாள் நட்சத்திரம்போல் இருந்தது, மறுபடி வெறும் துறைவிளக்கு ஆகிவிட்டது. பச்சையின் பலமெல்லாம் நடுவில் கிடந்த தண்ணீரின் அகலத்தில்தான் இருந்திருக்கிறது.

அதனால் வகுப்பில் நிறத்துக்கு அர்த்தம் கேட்பதை விட்டுவிட்டேன். யார் பார்க்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்கிறேன். போன வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் திருப்பிக் கேட்டான்: “மேடம், டெய்ஸி அந்த விளக்கைப் பார்ப்பாளா?” புத்தகத்தைப் புரட்டினோம். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.