விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது? செயற்கைக்கோள் சொல்லும் கணக்கு

கொத்தனார் பத்து மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் மட்டம் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு குறிக்கும் இடையே தளம் 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் சாய்வு சுமார் 0.06 டிகிரி. இரண்டு புள்ளி, நடுவே தெரிந்த நீளம், ஒரு வித்தியாசம்: சாய்வு கண்டுபிடிக்க இவ்வளவு போதும்.

தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைக்குளத்தில் இறங்க வரும் ஏடிஆர் என்ற சிறு பயணிகள் விமானத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே தண்ணீர் உதவாது. விமானம் முறையாகச் சாய்ந்து திரும்பும்போது, பயணியின் டம்ளரில் உள்ள தண்ணீர் விமானத் தரைக்கு மட்டமாக நிற்குமே தவிர பூமிக்கு மட்டமாக நிற்காது. தூக்குக்குண்டும் அப்படியே ஏமாற்றும். ஒற்றை ஜி.பி.எஸ். கருவியும் போதாது. அது நகரும் திசையைச் சொல்லும். மூக்கு எங்கே பார்க்கிறது என்று சொல்லாது. சென்னையிலிருந்து மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே வரும் விமானத்தை ஆடி மாத மேற்குக்காற்று 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளினால், நேர்கோட்டில் வர மூக்கை ஏறக்குறைய 6 டிகிரி மேற்கே திருப்பி வைக்க வேண்டும்.

எனவே கூரையில் இரண்டு ஆன்டெனா வைக்கிறார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் இரண்டுக்கும் வரும் கதிர்கள் இணையானவை என்றே கொள்ளலாம். ஓர் ஆன்டெனாவை அலை சற்று முன்னதாகத் தொடும். அந்தத் தூர வித்தியாசத்தை ஆன்டெனாக்களுக்கு இடையிலான நீளத்தால் வகுத்தால், அந்தக் கோடு செயற்கைக்கோளின் திசையோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரியும். மூன்றாவது ஆன்டெனாவை அதே கோட்டில் வைக்காமல் தள்ளி வைத்தால் இறக்கையின் சாய்வு, மூக்கின் ஏற்ற இறக்கம், மூக்கின் திசை மூன்றுமே கிடைக்கும்.

வழக்கமான ஜி.பி.எஸ். அளவீட்டின் பிழை சில மீட்டர். இந்த வேலைக்கு அது ஆகாது. ஆகவே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையையே அளவுகோலாக்குகிறார்கள். அதன் நீளம் 19 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்குள் அலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நல்ல கருவி 2, 3 மில்லிமீட்டர் நுட்பத்தில் சொல்லும். ஆன்டெனாக்கள் 1 மீட்டர் தள்ளி இருந்தால் 3 மில்லிமீட்டர் பிழை 0.17 டிகிரி ஆகும்; 5 மீட்டர் என்றால் 0.03 டிகிரிதான். ஒரே செயற்கைக்கோளின் அளவை இரண்டு ஆன்டெனாவுக்கும் கழித்தால் அந்தக் கோளின் கடிகாரப் பிழை போகும். அதை இன்னொரு கோளோடு மறுபடி கழித்தால் கருவியின் கடிகாரப் பிழையும் கேபிள் தாமதமும் போகும்.

சிக்கல் இனிமேல்தான். எண்கள் அழிந்து கோடுகள் மட்டும் மிஞ்சிய டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிகிறது, எத்தனாவது கோடு என்று தெரியவில்லை. அலையும் அப்படித்தான்: சுற்றின் மிச்சம் தெரியும், முழுச் சுற்றுகளின் எண்ணிக்கை தெரியாது. 1 மீட்டர் இடைவெளியில், இருமுறை கழித்த ஒவ்வோர் அளவுக்கும் சுமார் 21 முழு எண்கள் பொருந்தலாம். 6 கோள்களிலிருந்து அப்படி 5 அளவுகள் கிடைக்கும். சேர்க்கைகள் 40 லட்சம். 10 மீட்டர் என்றால் 40,000 கோடியைத் தாண்டும். நீளத்தைக் கூட்டினால் நுட்பம் கூடும், தேடலும் பெருகும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பீட்டர் டியூனிசன். 1993இல் அவர் தந்த லாம்டா முறை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இந்த எண்களை முதலில் பிரித்து வைக்கிறது. ஊசிபோல் நீண்டு கிடந்த தேடல் பரப்பு பந்துபோல் திரள்கிறது; சரியான எண் சட்டென அகப்படுகிறது. விமானத்தில் இன்னொரு சகாயமும் உண்டு. ஆன்டெனாக்களுக்கு இடையே உள்ள நீளத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறோம். அந்த நீளத்துக்கு ஒவ்வாத விடைகளை எல்லாம் தள்ளிவிடும்படி பின்னாளில் இம்முறையை விரித்தார்கள்.

தவறுவது பெரும்பாலும் ஆன்டெனா வைக்கும் இடத்தில். நீளம் வேண்டும் என்று இறக்கை நுனியில் வைத்தால் பறக்கும்போது இறக்கை மேலே வளையும். 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் உயர்ந்தாலே 0.57 டிகிரி பிழை. விமானத்தின் முதுகே பத்திரமான இடம். அங்கும் வாலுக்கு அருகில் வைத்தால் வாலில் பட்டுத் திரும்பும் அலை நேரலையோடு கலந்து அளவைக் கெடுக்கும். மூன்றும் ஒரே மாடலாக, ஒரே திசை பார்த்தபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையை வாங்கும் மையம் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் விழும்.

நம் நெல்லைச் சீமையின் வானத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. புவியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, இந்தப் பக்கமாகத்தான் செல்கிறது; அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு, மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த உயர் வான அடுக்கான அயனி மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் நீளும். பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களிலும் சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். ஜி.பி.எஸ். அலையை இவை மிகவும் உலுக்குவது வடக்கே அகமதாபாத், கொல்கத்தா பக்கம். ஆனால் அவை எழுவது காந்த நடுக்கோட்டின் மேல்தான்.

அலை மங்கி மீளும் நொடியில் கருவி ஒரு சுற்றைத் தவறவிடலாம். ஒரு சுற்று என்றால் 19 சென்டிமீட்டர். 1 மீட்டர் இடைவெளியில் அதுவே பத்து டிகிரிக்கு மேல். இதனால்தான் விமானம் திரும்புவதை உள்ளிருந்தே உணரும் கருவியான கைரோவைக் கழற்றிவிட்டு இதை மட்டும் நம்புவதில்லை. கைரோ நேரம் போகப்போக விலகும், ஆனால் சில நொடிகளுக்குத் துல்லியமாக இருக்கும். அலை அறுந்த நேரத்தில் கைரோ தாங்கிப் பிடிக்கிறது. அலை திரும்பியதும் முழு எண்களைப் புதிதாகத் தேடி, கைரோவின் விலகலைத் திருத்திவிடுகிறார்கள்.