ஒரு கமாவில் ஆட்களின் எண்ணிக்கை மாறும்

"தூங்கிக்கொண்டிருந்த பயணிகள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள்." பயணிகள் எல்லாருமே தூங்கினார்களா, சிலர் மட்டுமா? இந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. இரண்டு பொருளுக்கும் ஒரே வடிவம்தான். ஆங்கிலம் அந்த விவரத்தைப் பெயருக்குப் பின்னால் வைக்கிறது. அதனால் நடுவில் கமா போட இடம் கிடைக்கிறது, பொருளும் இரண்டாகப் பிரிகிறது.

தி பாசஞ்சர்ஸ் ஹூ வேர் ஸ்லீப்பிங் மிஸ்ட் தேர் ஸ்டாப்.

தி பாசஞ்சர்ஸ், ஹூ வேர் ஸ்லீப்பிங், மிஸ்ட் தேர் ஸ்டாப்.

முதல் வாக்கியத்தில் விழித்திருந்தவர்களும் உண்டு. தூங்கியவர்கள் மட்டும் தவறவிட்டார்கள். இரண்டாவதில் அத்தனை பேரும் தூங்கினார்கள், அத்தனை பேரும் தவறவிட்டார்கள். கமா இல்லாத 'ஹூ' கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்தெடுக்கிறது. இது டிஃபைனிங் கிளாஸ், அதாவது யார், எது என்று பிரித்துக் காட்டும் துணை வாக்கியம். கமாவுக்குள் வரும் 'ஹூ' யாரையும் பிரிப்பதில்லை, ஏற்கெனவே தெரிந்தவர்களைப் பற்றி இன்னொரு தகவல் தருகிறது. இது நான்-டிஃபைனிங்.

விதிமுறைகள் எழுதும்போது இது விளையாட்டல்ல. 'எம்ப்ளாயீஸ், ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட் டூ இயர்ஸ், வில் கெட் எ போனஸ்' என்று எழுதினால் ஊழியர்கள் எல்லாரும் 2 ஆண்டு முடித்தவர்கள், எல்லாருக்கும் போனஸ் என்றாகிவிடும். 2 ஆண்டு முடித்தவர்களுக்கு மட்டும் என்பது நோக்கமானால் இரண்டு கமாவையும் எடுத்துவிட வேண்டும்.

சோதிக்க எளிய வழி: அந்தப் பகுதியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். 'எந்த?', 'யார்?' என்ற கேள்வி எழுந்தாலோ, சொல்ல வந்தது பொய்யாகிப் போனாலோ கமா கூடாது. மீதி அப்படியே உண்மையாக நின்றால் கமா வேண்டும். ஆள், ஊர், நதியின் பெயர்கள் தாமே அடையாளம் காட்டிவிடுவதால் அவற்றின் பின் பெரும்பாலும் கமா வரும்: 'ஐன்ஸ்டைன், ஹூ வாஸ் பார்ன் இன் 1879, ...'. 'மை பிரதர், ஹூ இஸ் எ டாக்டர்' என்றால் ஒரே சகோதரன். கமாவை எடுத்தால் இன்னொரு சகோதரனும் இருப்பதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'எவ்ரி', 'எனி', 'நோ' முன்னால் வந்தால் நிலைமை நேரெதிர்: 'எவ்ரி ஸ்டூடண்ட் ஹூ பாஸ்ட்' என்பதில் கமாவுக்கு இடமே இல்லை.

கமாவுக்குப் பின் 'தட்' போடாதீர்கள். அங்கே அதற்குப் பதில் 'ஹூ' அல்லது 'விச்' வர வேண்டும். டிஃபைனிங் கிளாஸில் 'தட்', 'விச்' இரண்டுமே பிரிட்டிஷ் வழக்கில் சரி. அமெரிக்க எடிட்டர்கள் பலர் அங்கே 'தட்' மட்டுமே வேண்டும் என்பார்கள். 'தி புக் ஐ பாட்' என்று அந்தச் சொல்லையே விட்டுவிடுவதும் டிஃபைனிங்கில்தான் முடியும்.

அடிக்கடி நடக்கும் பிழை இரண்டு. ஒன்று, தொடக்கக் கமாவைப் போட்டுவிட்டு முடிவுக் கமாவை மறப்பது. வாக்கியத்தின் நடுவில் வந்தால் இரண்டும் ஜோடியாகத்தான் வரும். மற்றொன்று, 'தி ரிப்போர்ட் தட் தி கமிட்டி சப்மிட்டட் லாஸ்ட் வீக், இஸ் இன்கம்ப்ளீட்' என்று நீண்ட எழுவாய் முடிந்ததும் ஒரு கமா. மூச்சு விடும் இடத்தில் கமா என்று படித்த பழக்கம் இப்படித்தான் காலை வாருகிறது. எழுவாய் எவ்வளவு நீண்டாலும் அதை வினையிலிருந்து ஒற்றைக் கமாவால் வெட்டக்கூடாது. நான்-டிஃபைனிங் கிளாஸைப் பேசும்போது குரல் சற்று நின்று தாழ்வது உண்மைதான். ஆனால் பொருள் பிரிவதால்தான் குரல் நிற்கிறது. குரல் நின்ற இடமெல்லாம் பொருள் பிரிவதில்லை.

'விச்' சில சமயம் ஒரு பெயரை விட்டு முழு வாக்கியத்தையே சுட்டும். 'ஹி மிஸ்ட் தி எக்ஸாம், விச் சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்' என்பதில் அவன் தேர்வுக்கு வராததுதான் எல்லாரையும் வியக்க வைத்தது. கமாவை எடுத்துப் பாருங்கள்: வியக்க வைத்தது தேர்வு, அதை அவன் தவறவிட்டான்.