உள்ளமைவு: எதற்குள் அமைந்தது?

சேவையகக் கணினி (சர்வர்) பற்றிய ஒரு தமிழ்க் கையேட்டில் இப்படி ஒரு தலைப்பு: 'உள்ளமைந்த சாதனங்களை உள்ளமைத்தல்'. இலங்கை மலையகத்து ஹட்டனில் வன்பொருள் படிக்கும் பையன் ஒருவன் இதை வாசித்துவிட்டுத் திருப்புளியைத் தேடினான். அவன்மீது குற்றமில்லை. உள்ளமைத்தல் என்றால் உள்ளே வைத்துப் பொருத்துதல் என்றுதான் தமிழ் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்வார். கையேடு சொல்ல வந்ததோ வேறு. பெட்டியைத் திறக்கவே வேண்டாம்; கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸின் திரைக்குப் போய், தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) சேர்ந்தே வந்த சாதனங்கள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தெரிவுசெய்தால் போதும்.

ஆங்கில 'கான்ஃபிகரேஷன்' என்பதற்குத்தான் 'உள்ளமைவு' என்று எழுதுகிறார்கள். அது இலத்தீனிலிருந்து வந்த சொல். முன்பாதிக்குச் சேர்ந்து என்று பொருள். பின்பாதி உருவம், வடிவம். உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து எவ்விதம் நிற்கின்றன என்பதே அதன் கருத்து. இதில் உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை.

பிறகு அந்த 'உள்' எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு மென்பொருளைத் தமிழாக்கியவர், இது கணினிக்குள்ளே நடக்கும் காரியந்தானே என்று நினைத்திருக்க வேண்டும். கணினியில் எதுதான் உள்ளே நடக்கவில்லை? இந்தக் கணக்கில் மேசையில் தனியே நிற்கும் அச்சுப்பொறிக்கும், சுவரில் தொங்கும் வழிப்படுத்திக்கும் (ரவுட்டர்) நாம் 'உள்ளமைவு' செய்ய வேண்டும். வெளியே இருக்கும் பொருளை உள்ளமைப்பது எப்படி என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பொருள் பிழைத்தது ஒரு புறம், இலக்கணமும் பிழைத்திருக்கிறது. அமைந்தது தன்வினை, அமைத்தது பிறவினை. முன்னதிலிருந்து அமைவு பிறக்கிறது, பின்னதிலிருந்து அமைப்பு. இணைவு, இணைப்பு, நிறைவு, நிறைப்பு என்று தமிழில் இந்தச் சோடிகள் நிறைய உண்டு. வுகரத்தில் முடிவது தானாக நேர்ந்த நிலையைச் சொல்கிறது. ப்புவில் முடிவது ஒருவர் செய்ததைச் சொல்கிறது. ஆகவே 'உள்ளமைவு' என்பதை இலக்கணப்படி பிரித்தால் உள்ளேயே அமைந்திருத்தல் என்று வரும். அதாவது, கூடவே வந்த சாதனத்தின் இயல்பைச் சொல்ல வேண்டிய சொல்லைத் திருடி, ஒரு மனிதன் செய்யும் தெரிவுக்குச் சூட்டிவிட்டார்கள். கூடவே வந்த சாதனத்தைப் பற்றி எழுத வந்தவர், சொல்லைப் பறிகொடுத்துப் போக்கிடமின்றி 'ஒருங்கிணைந்த சாதனம்' என்று எழுதத் தொடங்கிவிட்டார். அதுவும் பொருந்தவில்லை. பல திரான்சிஸ்டர்கள் ஒரே சில்லில் கூடி நிற்பதை ஒருங்கிணைந்த சுற்று என்றால் ஒப்புக்கொள்ளலாம். தாய்ப்பலகையில் பற்றாசு வைத்த வலையமைப்புச் சில்லு யாரோடு ஒருங்கிணைந்தது? அது உள்ளமைந்த சாதனம், அவ்வளவுதான்.

கான்ஃபிகரேஷனுக்குக் 'கட்டமைப்பு' என்பவர்களும் இருக்கிறார்கள். கட்டமைப்பு என்றால் கட்டி எழுப்பியது. மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே வேலை அதிகம். தோட்டப் பாதை, லயன் வீடு, குடிநீர் என்று எதைப் பற்றிப் பேசினாலும் 'உட்கட்டமைப்பு வசதி' வந்துவிடுகிறது. அதை விட்டுவிடுவோம்.

நமக்குச் சொல் இல்லாமல் இல்லை. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எந்த மாணவரும் 'இலத்திரன் நிலையமைப்பு' எழுதியிருப்பார். இலத்திரன்கள் எந்தெந்தச் சக்தி மட்டங்களில் எத்தனை என்று காட்டுவது அது. ஆங்கிலத்தில் அங்கே இருப்பதும் இதே 'கான்ஃபிகரேஷன்'தான். பாடப்புத்தகத்தில் பழகிய சொல்லைக் கணினி வகுப்புக்கு வந்ததும் மறந்து, கைபேசித் திரையில் கண்டதைப் பிடித்துக்கொள்கிறோம்.

நிலையமைப்பு பயோஸுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் அங்கே மாற்றுவதே நிலைகளைத்தான். டெல் பவர்எட்ஜ் சேவையகத்தில் தொடக்கத்தில் எஃப்2 அழுத்தினால், ஹெச்பிஇ சேவையகத்தில் எஃப்9 அழுத்தினால் அமைப்புத் திரை வரும். டெல்லில் உள்ளமைந்த சாதனங்களுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. யூ.எஸ்.பி. துறைகள், அதாவது செருகுமிடங்கள், அனைத்தையும் திறந்து வைக்கலாம், பின்பக்கத்தை மட்டும் விடலாம், எல்லாவற்றையும் அடைக்கலாம். பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்ட் கட்டுப்படுத்தியை இயங்கவோ ஓயவோ விடலாம். பணிசெயல் முறைமை (ஓஎஸ்) உறைந்துபோனால் கணினியை மீளத் தொடக்கும் காவல் நேரங்காட்டியும் அங்கேதான் இருக்கிறது. பொருள்கள் அவையேதான், நிலைகள் மாறினால் இயந்திரத்தின் போக்கு மாறுகிறது. 'சாதன நிலையமைப்பு' என்றால் இது முழுவதும் அடங்கிவிடும். 'நிலையமைத்தல்' என்று வினையாக்கினால் சற்று விறைப்பாக ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'நிலையமைப்பை மாற்று' என்று எழுதினால் தீர்ந்தது.

இதே வேகத்தில் பயோஸையும் பெயர்க்க வேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். 'அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை' என்பது விரிவு. ஒரு முறை சொல்லிக்கொடுக்கலாம். ஒவ்வொரு வரியிலும் சுமக்க முடியாது. வேலைக்கு ஆள் கூட்டும் பரேட்டைப் பிரட்டு ஆக்கி, அதற்கு ஒரு களத்தையும் சேர்த்துப் பிரட்டுக்களம் என்று வழங்கிய தோட்டத்து மக்களுக்குப் பயோஸ் ஒரு பாரமா? இன்றைய கணினிகளில் பெரும்பாலும் இருப்பது பயோஸின் இடத்துக்கு வந்த யூ.இ.எஃப்.ஐ. என்பதும், பழைய பெயரைப் பழக்கத்தில் சொல்கிறோம் என்பதும் வேறு கதை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்னொன்று. திரை ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதை விளங்க வைக்கத்தான் தமிழ் தேவைப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்களில் பலர் அந்தத் திரையை ஒரு தடவையும் பார்த்ததில்லை என்பது சொற்களிலேயே தெரிகிறது. 'டிசேபிள்ட்' என்று கண்ட இடமெல்லாம் 'செயலிழந்தது' என்று போட்டுவிடுகிறார்கள். செயலிழந்தது என்றால் பழுது. வாங்கிய கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பொருள். நாமாக நிறுத்தி வைத்ததற்கு 'நிறுத்தப்பட்டது' போதும். வலையமைப்புக் கேபிளைச் செருகும் துறைக்கு வந்தால் அதுவும் போதாது. டெல் திரையில் அங்கே 'டிசேபிள்ட்' உடன் 'ஓஎஸ்' என்று ஒரு ஒட்டு இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் துறை பணிசெயல் முறைமையின் கண்ணுக்கு மட்டும் மறைகிறது. தொலைவிலிருந்து சேவையகத்தை நிர்வகிக்கும் உட்கட்டுப்பாட்டகம் அதே துறையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். 'செயலிழந்தது' என்று வாசித்தவர் துறை செத்துவிட்டது என்று நம்பிக் கேபிளைக் கழற்றுவார். தூரத்திலிருந்து அந்தச் சேவையகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அத்தோடு தொடர்பு அறுந்துவிடும்.