கிருமி பற்றுவது உலோகத்தையா?

பல் இம்ப்ளாண்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியத் திருகு) வைத்துச் சில ஆண்டுகளில் அது ஆட்டம் கண்டுவிட்டது, உடம்பு உலோகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்கிறார்கள், இது சரியா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் சரியில்லை. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதுபோல் டைட்டானியத்தை நிராகரிப்பதில்லை. காற்றுப் பட்டதுமே அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். எலும்பு அதை ஒட்டியே வளரும். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் இதை 1950களில் முயல்களின் எலும்பில் கண்டறிந்து, 1965இல் மனிதத் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். எலும்பில் நன்றாக ஊன்றிய திருகு பின்னாளில் ஆடினால், அளவுக்கு மீறிய கடிசுமையையும் பாக்டீரியாவையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உடலுக்குள் உயிரற்ற பொருள் ஒன்று இருப்பதே கிருமிக்கு எவ்வளவு சாதகம் என்பதை எலெக், கோனன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1957இல் காட்டினார்கள். தன்னார்வலர்களின் தோலில் சீழ் உண்டாக்கப் பல இலட்சம் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. தையல் நூல் ஒன்று அங்கே இருந்தபோது சில நூறே போதுமாயின.

கிருமி உலோகத்தைப் பற்றுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அது வெற்று உலோகத்தைச் சந்திப்பதே அரிது. இம்ப்ளாண்ட் இரத்தத்தில் நனைந்த சில நொடிகளில் நம் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் அவற்றுள் ஒன்று. நம் தோலில் எப்போதும் குடியிருப்பதும், செயற்கை மூட்டுகளிலும் இதய வால்வுகளிலும் தொற்றை உண்டாக்குவதுமான ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஃபைப்ரினோஜனைப் பற்றுவதற்கென்றே எஸ்டிஆர்ஜி என்ற ஒட்டுப்புரதத்தை வெளியே நீட்டி வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தின் இரு மடிப்புகளுக்கு நடுவே குறுகிய பள்ளம் உண்டு. ஃபைப்ரினோஜனின் நுனி அதற்குள் நுழைந்ததும், எஸ்டிஆர்ஜியின் வால் போன்ற இழை அதன்மேல் கவிந்து, அடுத்த மடிப்புக்குள் போய்ச் செருகிக்கொள்கிறது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

உள்ளே பிடித்துக்கொண்டிருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள்தாம், தனித்தனியே பார்த்தால் வலுவற்றவை. ஆனால் செருப்பிலுள்ள வெல்க்ரோ பட்டையை நினைத்துப் பாருங்கள். ஓரத்தைத் தூக்கி உரித்தால் ஒவ்வொரு கொக்கியாக விட்டுக்கொடுக்கும். பட்டையின் நீளவாக்கில் இழுத்தாலோ எல்லாக் கொக்கிகளும் ஒருசேர எதிர்த்து நிற்கும். எஸ்டிஆர்ஜி இரண்டாம் வகை. 2018இல் வெளியான ஆய்வின்படி, இந்த ஒற்றைப் பிடியை அறுக்க 2 நானோநியூட்டனுக்கும் மேற்பட்ட விசை வேண்டும். அது அணுக்களைக் கோத்திருக்கும் சகப்பிணைப்பை முறிக்கத் தேவையான விசைக்கு ஏறத்தாழச் சமம். முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிறகு நடப்பது தெரிந்த கதை: ஒட்டியவை பெருகி, பசை சுரந்து, உயிரிப்படலமாகின்றன, அதனுள் சோம்பிக் கிடக்கும் செல்களை ஆன்டிபயாடிக் எளிதில் கொல்வதில்லை.

இம்ப்ளாண்டின் மேல் பூசும், கிருமியைக் கொல்லும் பூச்சு என்று எதைக் கண்டாலும் எனக்கு எழும் கேள்வி ஒன்றே: அதைச் சோதித்தது சுத்தமான தகட்டிலா, புரதம் படிந்த தகட்டிலா? தொட்டால் கொல்லும் பரப்பைப் புரதம் மூடிவிட்டால், தொடுவதற்கு வழியேது? புதுப் பூச்சுகளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்கை, பொருத்தியவற்றைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கும் சலிப்பூட்டும் ஆய்வுகளுக்கு ஒதுக்கினால் நமக்கு அதிகம் தெரியவரும் என்பது என் கருத்து.

வாயில் ஒட்டும் கிருமிகள் வேறு, அங்கே படிவது உமிழ்நீர்ப் புரதம். ஆனாலும் முதலில் புரதம், பிறகு கிருமி, பிறகு உயிரிப்படலம் என்ற வரிசை இதுவேதான். கூடுதலாக ஒரு பலவீனமும் உண்டு. இயற்கையான பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் குறுக்கே புகுந்து தைத்திருக்கும். இம்ப்ளாண்டைச் சுற்றியோ அவை பெரும்பாலும் பக்கவாட்டில் இணையாக ஓடுவதால், கீழிறங்கும் கிருமிக்குத் தடை குறைவு. எலும்புக்குள் இருக்கும் பகுதியைச் சொரசொரப்பாகச் செய்பவர்கள், ஈறைக் கடக்கும் பகுதியை வழவழப்பாக மெருகேற்றுவது இதனால்தான். பல் துலக்கும்போது அந்த இடத்தில் இரத்தம் கசிகிற கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். வாசகரின் இம்ப்ளாண்ட் ஆடவே தொடங்கிவிட்டதென்றால், திருகே ஆடுகிறதா, மேலே பொருத்திய பல் மட்டும் தளர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும்.