ஸ்னோ-பவுண்ட்: பனி கட்டிப்போட்ட வீடு

குளிர்காலம் வந்தால் அமெரிக்கச் செய்திகளில் தவறாமல் தலைகாட்டும் சொல் ‘ஸ்னோபவுண்ட்’. பனி கொட்டி, வாசலையும் பாதையையும் மூடி, வெளியே போக வழியில்லாமல் ஆகிவிடும் நிலை அது. நம் நாளிதழ்கள் ‘பனியில் சிக்கித் தவிப்பு’ என்றோ ‘இயல்பு வாழ்க்கை முடக்கம்’ என்றோ எழுதிவிடும். செய்திக்கு அது சரி. ஆனால் இந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட புகழ்பெற்ற கவிதையில் யாரும் தவிக்கவில்லை. இந்தச் சொல்லைத் தமிழாக்கும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கக் கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் 1866-ல் வெளியிட்ட நெடுங்கவிதை ‘ஸ்னோ-பவுண்ட்’. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹேவரில் ஊரில், தான் 1807-ல் பிறந்து வளர்ந்த பண்ணை வீட்டைப் பற்றி எழுதினார். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் சூரியன் மங்கலாக வந்து போகிறது. அன்று தொடங்கும் பனி விடாமல் கொட்டுகிறது. இரண்டாம் நாள் விடிந்து பார்த்தால் வேலி, பாதை எதையும் காணோம். கிணற்றுச் சுவருக்குச் சீனக் கூரை முளைத்திருக்கிறது. துலாக் கம்பம் பைசா கோபுரம்போலச் சாய்ந்து நிற்கிறது. தொழுவத்து மாடுகளுக்குத் தீனி போட வேண்டுமே! பையன்கள் பனிக்குள் சுரங்கம் வெட்டிக்கொண்டு போகிறார்கள். ராத்திரி ஆனதும் அடுப்பங்கரையில் பெரிய ஓக் கட்டை எரிகிறது, ஆப்பிள்கள் வரிசையாக வெந்து சீறுகின்றன, அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். கவிதையின் பெரும்பகுதி இந்தக் கதை நேரம்தான். துணைத்தலைப்பில் ‘ஐடில்’ என்று போட்டிருக்கிறார். ‘சிறு சித்திரம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘பவுண்ட்’ என்பது ‘பைண்ட்’ என்ற வினையின் இறந்தகால எச்சம்: கட்டப்பட்ட. நெடுஞ்சாலைப் பலகையில் ‘நார்த்பவுண்ட்’ (வடக்கு நோக்கி) என்று இருக்குமே, அந்த ‘பவுண்ட்’ வேறு. ‘ஆயத்தமான’ என்று பொருள்தரும் பழைய நோர்ஸ் (வட ஐரோப்பியப் பழமொழிகளில் ஒன்று) மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஒலியில் ஒன்று, பிறப்பில் இரண்டு. நமக்கு வேண்டியது கட்டுகிற பவுண்ட். அது வடமொழி ‘பந்த்’ என்ற வேருக்கு உறவு. தமிழில் புழங்கும் பந்தம், உறவினரைக் குறிக்கும் பந்து, சம்பந்தம், ஏன் கல்யாண வீட்டுச் சம்பந்தி வரைக்கும் அந்த வேரிலிருந்து வந்தவைதான். கட்டிப்போடுவதும் பந்தம், உறவும் பந்தம். விட்டியரின் பனி செய்வதும் இந்த இரண்டையும்தான்.

‘ஸ்னோ’ பக்கம் கொஞ்சம் தகராறு. தமிழில் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது புல்நுனிப் பனித்துளியும் மார்கழிக் குளிரும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழியில் வருவது இந்தப் பனிதான். இது யாரையும் வீட்டுக்குள் பூட்டி வைக்காது. அதனால் ‘வெண்பனி’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். டொராண்டோத் தமிழர்கள் ‘ஸ்னோ கொட்டுது’ என்று முடித்துவிடுவார்கள். என் கணக்கில், கொட்டுவது பற்றிப் பேசும்போது வெறும் ‘பனி’யே போதும், வினை பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, முழுச் சொல்லுக்கு என்ன வைப்பது? ‘பனிச்சிறை’ அழகாக இருக்கிறது, ஆனால் சிறையில் ஆப்பிள் சுட மாட்டார்கள். ‘பனி மறியல்’ என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையை மறிப்பது, இலங்கையில் சிறைக்காவல்; இரண்டும் பொருந்தும். ஆனால் போலீஸ் வாசனை அடிக்கிறது. ‘பனிக்கட்டுண்ட’ என்று ஒட்டி எழுதினால் யாரோ பனிக்கட்டி உண்டதுபோல் ஆகிவிடும். ஆகவே பிரித்து, ‘பனியால் கட்டுண்ட’ என்பதே என் தேர்வு. ‘அன்பால் கட்டுண்ட’ என்றும் சொல்கிறோமல்லவா, அந்த இளக்கம் இதற்கும் வந்துவிடும். செய்திக்கு ‘பனியால் முடங்கிய’ இருந்துவிட்டுப் போகட்டும்.

கவிதைத் தலைப்பை மட்டும் ‘பனியில் கட்டுண்டோம்’ என்று வைப்பேன். ‘கட்டுண்டோம்’ என்றதும் பாரதியின் பாஞ்சாலி சபதம் காதில் ஒலிக்கும் என்பது தெரியும். ஒலிக்கட்டும். அங்கே அர்ச்சுனன் அந்தச் சொல்லைத் தன் அண்ணன் வீமனிடம் சொல்கிறான். இங்கேயும் ஒரு சகோதரன் இருக்கிறான். விட்டியரின் அம்மா 1857-ல் போய்விட்டார், தங்கை எலிசபெத் 1864-ல். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த குடும்பத்தில் மிஞ்சியது கவிஞரும் தம்பி மேத்யூவும்தான். நானும் நீயும் மட்டுமே மிச்சம் என்று தம்பியை விளித்தே கவிதைக்குள் சொல்கிறார். தம்பியிடம் சொல்லும்போது அது ‘நாம்’, நம்மிடம் சொல்லும்போது ‘நாங்கள்’. ‘கட்டுண்டோம்’ என்பதன் ‘ஓம்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.