பனிப்பாறை உடைந்தால் பினாங்கு மூழ்காது

போன மாதம் தெலுக் கும்பாரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பாய், தலையணை, சாமி படம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. காரணம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு: "அண்டார்டிகாவுல உலகத்திலேயே பெரிய பனிப்பாறை உடைஞ்சிருச்சு. வர்ற பௌர்ணமிக்குள்ள பினாங்கு கடலோரம் தண்ணிக்குள்ள போயிரும்." அந்த வீட்டுப் பாட்டி 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர். அன்று இந்த மாநிலத்தில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர் பயந்ததில் தவறே இல்லை. கேட்ட மாத்திரத்தில் அந்தப் பதிவை நாலு குழுவுக்கு அனுப்பினார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, பெரிய பனிப்பாறைகள் எங்கே நகர்கின்றன, எப்படி உடைகின்றன என்று குறித்து வைப்பது என் வேலை. இதே வதந்திக்கு ஒவ்வொரு வீடாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பதிவில் சொன்ன பனிப்பாறை நிஜம்தான். பெயர் ஏ-23ஏ. 1986-இல் அண்டார்டிகாவின் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து (நிலத்தோடு ஒட்டியபடி கடலில் மிதக்கும் பனிப்பரப்பு) பிரிந்து, அதை ஒட்டிய வெட்டல் கடலில் தரைதட்டி, 30 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நின்றது. 2020 வாக்கில் அசைய ஆரம்பித்தது. 2024-இல் தென் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே, கடலடி மேடு ஒன்றின் மேல் உருவான நீர்ச்சுழலில் மாட்டி, நாளுக்குச் சுமார் 15 பாகை வீதம் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்புறம் விடுபட்டு வடக்கே போய், 2025 மார்ச்சில் தென் அட்லாண்டிக்கில் உள்ள தென் ஜார்ஜியா தீவுக்கருகே மறுபடி தரைதட்டியது. அப்போது அதன் பரப்பு பினாங்குத் தீவைப் போல் 10 மடங்குக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பருக்குள் துண்டு துண்டாகப் பிரிந்து, பழைய அளவில் பாதிகூட மிச்சமில்லை.

சரி, பாதிக்கு மேல் போய்விட்டதே, கடல் ஏறியிருக்க வேண்டாமா? இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். மமாக் கடையில் தே ஓ ஐஸ் லிமாவ் (எலுமிச்சை ஐஸ் டீ) விளிம்புவரை நிரம்பி வருகிறது. ஐஸ் கட்டி மேலே தலைநீட்டிக்கொண்டு மிதக்கிறது. குடிக்காமல் அப்படியே வைத்துப் பாருங்கள். ஐஸ் முழுக்கக் கரைந்தாலும் கிளாஸ் வழியாது. மிதக்கிற பனி தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது. உருகும்போது அந்த இடத்தை அதன் நீரே நிரப்பிக்கொள்கிறது. ஏ-23ஏ 1986-இல் பிரிவதற்கு முன்பும், பனித்தட்டின் பகுதியாகக் கடலில் மிதந்துகொண்டுதான் இருந்தது. அதன் பாரத்தைக் கடல் ஏற்றுக்கொண்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நேற்று உடைந்ததற்கு நாளை ஏன் பொங்க வேண்டும்?

கடல்நீர் உப்பு நீர், பனிப்பாறை நன்னீர், ஆகவே சிறு வித்தியாசம் இருக்குமே என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டன் எடையிருந்த ஏ-23ஏ முழுவதும் கரைந்தாலும், அந்த வித்தியாசத்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட ஏறாது. பினாங்கில் கடல் அதிகம் ஏறி இறங்கும் நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் தினமும் வந்து போகிறது. பௌர்ணமியும் அமாவாசையும் கொண்டுவருவது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

உடையும்போது சுனாமி கிளம்பாதா என்றும் கேட்கிறார்கள். பக்கத்தில் போகும் படகுக்கு ஆபத்துதான். மலாக்கா நீரிணைக்கு அந்த அலை வராது. பனிப்பாறையும் வராது, தென் கடலிலேயே கரைந்துவிடும்.

இன்னொரு தொல்லை படங்கள். தண்ணீருக்கு மேலே சிறு முனை, கீழே பிரம்மாண்டமான உடல் என்று தெளிவாகத் தெரியும் அந்தப் பிரபலமான படம், பல படங்களைச் சேர்த்து ஒட்டியது. நிஜ வேலை அவ்வளவு அழகாக இருக்காது. துருவப் பகுதி பாதி ஆண்டு இருட்டு, மீதிப் பாதி மேகமூட்டம். அதனால் ரேடார் படத்தைத்தான் நம்புகிறோம். குளிர்காலத்தில் பனிப்பாறை வெள்ளையாகவும் கடல் கறுப்பாகவும் விழும். ஓரத்தை எளிதாகக் கோடு போட்டு எடுக்கலாம். கோடையில் மேற்பரப்பு லேசாக ஈரமானாலே பாறை கறுத்துவிடும். காற்று வீசினால் கடல் வெளுத்துவிடும். அந்த நாட்களில் ஒரே ஓரத்தை மறுபடி மறுபடி கோடு போட்டு அழிப்பேன். முந்தைய வாரப் படத்தையும் மேற்பரப்பின் உயரத்தை அளக்கும் உயரமானிச் செயற்கைக்கோள் தரும் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். இவ்வளவு பாடுபட்டுச் சொல்லும் ஒரு வரியை, இரண்டு நிமிடக் குரல் பதிவு விழுங்கிவிடுகிறது.

பனிப்பாறை உடைவதால் யாருக்குமே பாதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஏ-68ஏ என்ற இன்னொரு பனிப்பாறை 2020 கடைசியிலிருந்து மூன்று மாதத்தில் தென் ஜார்ஜியா அருகே சுமார் 15,200 கோடி டன் நன்னீரைக் கொட்டியது. அங்குள்ள கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்), பெங்குவின்களுக்கு அது பெரிய விஷயம். நமக்கு வர வேண்டிய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2002-இல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியது. அதற்குப் பின்னால் நிலத்தின் மேல் இருந்த பனியாறுகள், தடுப்பு போனதும், பல மடங்கு வேகமாகக் கடலில் இறங்கின. அந்தப் பனிதான் கடல்மட்டத்தை ஏற்றும். அண்டார்டிகாவில் பனி குறையக் குறைய அதன் ஈர்ப்பும் குறைந்து, அங்கே திரண்டிருக்கும் நீர் விலகி வருகிறது. நாம் இருக்கும் பூமத்தியரேகைப் பக்கம் உயர்வு உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராக, பேரப்பிள்ளைகள் காலம்வரை ஏறும் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு குரல் பதிவும் வருவதில்லை.

இனி அப்படி ஒன்று வந்தால் முதலில் பனிப்பாறையின் பெயரைக் கேளுங்கள். நீளம் 10 கடல் மைல் அல்லது பரப்பு 20 சதுரக் கடல் மைல் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கத் தேசியப் பனி மையம் எழுத்தும் எண்ணும் கொடுக்கிறது. பெயரும் தேதியும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். சுனாமி எச்சரிக்கை தருவது மலேசிய வானிலை ஆய்வுத் துறை. மாமா, மச்சான் தருவதில்லை. நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ எந்த எச்சரிக்கைக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் பயந்தால் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஐஸ் கிளாஸைக் காட்டுங்கள்.

நீங்களே பார்க்க விரும்பினால் நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் இலவசம். தேதி போட்டு அன்றைய படத்தைத் திறக்கலாம். ஜூன், ஜூலையில் வெட்டல் கடலின் தென்பகுதி வெறும் கறுப்பாகத் தெரியும். யாரோ மறைத்துவிட்டார்கள் என்று அதையும் ஒரு பதிவாக்கிவிடாதீர்கள், அது சூரியனே உதிக்காத துருவ இரவு. நவம்பரில் திறந்து பாருங்கள், மேகம் விலகிய நாளில் பனிப்பாறையின் ஓரம்கூடத் தெளிவாகத் தெரியும்.